பயணம் முறியிற இடத்துல ஒரு ரூம்

எந்த ஊருக்கு ரூம் பார்த்தாலும் நான் லிஸ்ட் பக்கம் போகாம முதல்ல மேப்பைத்தான் திறப்பேன். ரேட்டு, ஸ்டார், போட்டோ எல்லாம் அப்புறம். மேப்ல ஹோட்டல் புள்ளிங்க எப்படி விழுந்திருக்குன்னு பார்த்தாலே ஊரோட பாதி கதை தெரிஞ்சிடும், அதனால போகவே போறதில்லாத ஊரைக்கூட சும்மா உக்காந்து பெருசாக்கி சின்னதாக்கி பார்த்துட்டிருப்பேன், வீட்ல இதுக்கு நல்லா திட்டும் விழும். புள்ளிங்க எந்த ஊர்லயும் சீரா பரவியிருக்காது. ஒரு இடத்துல ஈ மொய்ச்ச மாதிரி அப்பிக்கிடக்கும், ரெண்டு தெரு தள்ளிப் போனா ஒண்ணுகூட இருக்காது, அப்புறம் ஊரெல்லாம் முடிஞ்சு வயக்காடு ஆரம்பிச்ச பிறகு திடீர்னு ஒரு பத்துப் புள்ளி ஒண்ணா நிக்கும்.

பார்க்க வேண்டிய இடம் எங்க இருக்கோ அங்க ஹோட்டல் இருக்கும், இதுல என்ன பெரிய ஆராய்ச்சின்னு கேட்பாங்க. பாதிதான் சரி. நான் கவனிச்ச வரைக்கும், நாம போகணும்னு ஆசைப்படுற இடத்தைவிட, அன்னிக்கு அதுக்கு மேல போக முடியாதுன்னு நின்னுபோற இடத்துலதான் ஹோட்டல் அதிகமா முளைக்குது. இருட்டிடும், வண்டி மாறணும், கடைசி ரயில் போயிடும், கதவைச் சாத்திடுவாங்க, மாடு குதிரைக்குத் தண்ணி காட்டணும். பயணம் எங்க முறியுதோ அங்க ஒருத்தன் பாயை விரிச்சு வச்சு காசு வாங்குறான். மத்ததெல்லாம், அதாவது நிலத்தோட விலை, சட்டம், போட்டி இதெல்லாம் அதுக்கப்புறம் வந்து அந்தப் புள்ளியை நாலு தெரு இப்படியும் அப்படியும் நகர்த்துறது.

இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் மாலத்தீவு. ஏறக்குறைய 1,200 தீவு, அதுல ஜனங்க குடியிருக்கிறது 200 பக்கம்தான். 1972ல குரும்பான்னு முதல் ரிசார்ட் ஆரம்பிச்சதுலேர்ந்து அங்க வளர்ந்த வழக்கம் என்னன்னா, ஆள் இல்லாத தீவு ஒண்ணு, அதுல ரிசார்ட் ஒண்ணே ஒண்ணு. பக்கத்துத் தீவுன்னா படகுல போயிடலாம், தூரத்துத் தீவுன்னா கடல் விமானம்தான். கடல் விமானம் பகல் வெளிச்சத்துல மட்டும்தான் பறக்கும், ஏன்னா தண்ணியில இறங்குறதுக்கு விளக்கு போட்ட ஓடுபாதை கிடையாது, அலை எப்படி இருக்கு, குறுக்க படகு வருதான்னு பைலட் கண்ணால பார்த்துத்தான் இறக்கணும். சரி, உங்க ஃப்ளைட் பொழுது சாயுற நேரத்துல வந்து இறங்குது, இமிக்ரேஷன் முடிச்சு பெட்டியை எடுத்துட்டு வெளிய வர்றதுக்குள்ள இருட்டிடுச்சு. பல மாசம் முன்னாடியே லட்சக்கணக்குல பணம் கட்டின ரிசார்ட் அங்க எங்கயோ கடல் நடுவுல விளக்கு போட்டுக்கிட்டு காத்துட்டிருக்கு, ஆனா அன்னிக்கு ராத்திரி அங்க போக வழியே இல்ல.

அந்த ராத்திரிக்குத்தான் ஹுல்ஹுமாலே. கடலைத் தூர்த்து உண்டாக்கின நிலம் அது, தலைநகர் மாலேல நெரிசல் தாங்காம ஜனங்களுக்கு வீடு கட்ட உருவாக்கினது, விமான நிலையத்துலேர்ந்து ரோட்டுலயே போயிடலாம். குடியிருப்புக்குன்னு போட்ட அந்த ஊர்ல, கிழக்குக் கரையோரமா இப்போ கெஸ்ட் ஹவுஸும் ஹோட்டலும் வரிசையா நிக்குது. வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க அங்க தங்கணும்னு ஆசைப்பட்டு வர்றவங்க இல்ல. பெட்டியைப் பிரிக்காமலே படுத்து, விடியறதுக்குள்ள எழுந்து, லாபியில செருப்போட நின்னு ஏர்போர்ட் வண்டி எப்போ வரும்னு கேக்குறவங்க. உலகத்துலயே அழகான கடல்னு விளம்பரம் பண்ற நாட்ல, கடலைப் பார்க்கக்கூட நேரமில்லாத ஆளுங்களை நம்பி ஒரு ஹோட்டல் வரிசை ஓடுது. காரணம் ஒண்ணே ஒண்ணு, சூரியன் மறையுற நேரம்.

பழைய காலத்துலயும் கணக்கு இதேதான். வணிகக் கூட்டம் ஒட்டகத்தோட ஒரு நாளைக்கு 30, 40 கிலோமீட்டர் நடக்கும், அதனால மேற்காசியாவுல, பாரசீகத்துல கேரவன்சராய்ங்கிற வழிச் சத்திரமெல்லாம் ஏறக்குறைய அந்த இடைவெளியிலதான் கட்டினாங்க, கூடவே தண்ணி கிடைக்கணும், திருடன் பயம் இருக்கக் கூடாது. துருக்கியில அக்சராய் பக்கத்துல 1229ல கட்டின சுல்தான் ஹான்ங்கிற சத்திரம் இன்னும் நிக்குது, கோட்டை மாதிரி மதிலு, ஒரே ஒரு பெரிய வாசல். அந்த வெட்டவெளியில அவ்ளோ பெரிய கட்டடம் எதுக்குன்னு இன்னிக்குப் பார்க்கிறவங்களுக்குப் புரியாது. ஒட்டகம் அதுக்கு மேல நடக்காது, அதான்.

லண்டன்ல தேம்ஸ் ஆத்துக்குத் தெற்குக் கரையில சதர்க்குன்னு ஒரு பகுதி. ரொம்ப காலத்துக்கு ஆத்தைக் கடக்க லண்டன் பாலம் ஒண்ணுதான், அதோட கதவை ராத்திரி சாத்திடுவாங்க, பாலத்து மேல வீடும் கடையுமா நெருக்கியடிச்சு வண்டி போறதும் கஷ்டம். தெற்கேயிருந்து வர்றவன் கதவு சாத்தின பிறகு வந்தா விடியுற வரைக்கும் இந்தப் பக்கம்தான் கிடக்கணும், தெற்கே போறவன் விடியகாலையில கிளம்பணும்னா முதல் நாள் ராத்திரியே இந்தப் பக்கம் வந்துடணும். விளைவு என்னன்னா சதர்க் மெயின் ரோட்ல வரிசையா சத்திரங்க. 1676ல தீ விபத்து, அதுக்கப்புறம் 1677ல திரும்பக் கட்டின ஜார்ஜ் இன் இன்னும் அங்க இருக்கு, மர கேலரியோட. இப்போ அது சாப்பிட, குடிக்கப் போற இடம், யாரும் தங்குறதில்ல. பாலத்துக்குக் கதவு இல்ல பாருங்க.

ரயில் வந்த பிறகு நடந்தது இன்னும் சுவாரசியம். லண்டன் மேப்பைத் திறந்து பார்த்தா யூஸ்டன், செயின்ட் பேங்க்ரஸ், கிங்ஸ் க்ராஸ் மூணும் ஒரே ரோட்டோரமா பக்கத்து பக்கத்துல வரிசையா நிக்கும், ஊர் நடுவுக்குள்ள ஒண்ணும் நுழையாது. ஏன்னா 1846ல ஒரு ராயல் கமிஷன் உக்காந்து, ரயில் பாதைங்க எல்லாம் ஊரோட மையத்துக்குள்ள வரக் கூடாது, வீடு கடையெல்லாம் இடிபடும்னு ஒரு கோடு போட்டுக் குடுத்துச்சு. வடக்கே அந்தக் கோடு இன்னிக்கு யூஸ்டன் ரோடு. வடக்கேயிருந்து வந்த கம்பெனிங்க எல்லாம் அந்தக் கோட்டுல வந்து நின்னுச்சு, ஜனங்களும் பெட்டியோட அங்கயே இறங்குனாங்க, ஹோட்டலும் அங்கயே வந்துச்சு. யூஸ்டன் மட்டும் கமிஷனுக்கு முன்னாடியே அங்க இருந்துச்சு, 1839லயே ரயில்வே ஹோட்டலும் வந்தாச்சு. அதுக்கெல்லாம் மேல 1873ல மிட்லண்ட் கிராண்ட், செயின்ட் பேங்க்ரஸ் ஸ்டேஷன் முகப்பே அந்த ஹோட்டல்தான், செங்கல்ல கட்டின அரண்மனை. ஆனா ரூமுக்கு ரூம் பாத்ரூம் வைக்காம கட்டிட்டாங்க, காலம் மாறினதும் யாருக்கும் பிடிக்கல, பராமரிக்கவும் கட்டுபடியாகல, 1935ல மூடிட்டாங்க. அப்புறம் எத்தனையோ வருஷம் ரயில்வே ஆபீஸ், அப்புறம் காலி. 2007ல பாரிஸ் ரயில் அந்த ஸ்டேஷனுக்கு வந்துச்சு, 2011ல அதே கட்டடம் திரும்ப ஹோட்டல் ஆயிடுச்சு. கட்டடம் அங்கயேதான் இருந்துச்சு, பயணம் முறியிற இடம் போயிட்டு திரும்பி வந்திருக்கு.

இந்தப் பெரிய அரண்மனையைவிட எனக்கு அதுக்கு எதிர்த்தாப்ல இருக்கிற ஆர்கைல் ஸ்கொயர்தான் பிடிக்கும். யூஸ்டன் ரோட்டைத் தாண்டி ரெண்டு நிமிஷம் நடந்தா ஒரு சின்ன பூங்கா, சுத்தி ஒட்டுமொத்தமா பழைய ஒல்லி வீடுங்க, ஒண்ணோட ஒண்ணு சுவர் ஒட்டினது, பாதிக்கு மேல சின்னச் சின்ன ஹோட்டல். குடும்பம் வாழறதுக்குக் கட்டின வீட்டுல மாடிக்கு மாடி ரூமை ரெண்டா மூணாத் தடுத்து கட்டில் போட்டது, படிக்கட்டு செங்குத்தா இருக்கும், பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறினா மூச்சு வாங்கும். 1846ல கமிஷன்ல உக்காந்தவங்க யாரும் இந்தத் தெருவை நினைச்சுக்கூடப் பார்த்திருக்க மாட்டாங்க. ஆனா அவங்க போட்ட கோடு இல்லன்னா இந்த வீடுங்க வீடாவே இருந்திருக்கும்.

கனடாவுல இன்னொரு வேடிக்கை. கனடியன் பசிபிக் ரயில் மலை ஏறுற இடத்துல சரிவு பயங்கரம், டைனிங் கார் ரொம்ப கனம், அதையும் சேர்த்து இழுத்துட்டு மலை ஏத்துறது கம்பெனிக்கு வீண் செலவு. அதனால டைனிங் காரைக் கழட்டிட்டு, வழியில சாப்பாட்டுக்குன்னு கட்டடம் கட்டி ரயிலை நிறுத்துனாங்க. அதுல ஒண்ணு ரோஜர்ஸ் கணவாய்ல கட்டின க்ளேசியர் ஹவுஸ். சாப்பிட இறங்கினவன் அண்ணாந்து பார்த்தா பனிமலை, ஒரு நாள் இருந்துட்டுப் போகலாமேன்னு தோணிடுச்சு, சாப்பாட்டுக் கூடம் வளர்ந்து ஹோட்டல் ஆயிடுச்சு. 1916ல கன்னாட் சுரங்கம் வந்து ரயில் மலைக்குள்ளயே போக ஆரம்பிச்சதும் ஹோட்டல் பாதையை விட்டுத் தள்ளிப் போயிடுச்சு, 1925ல மூடியாச்சு. மலை அங்கதான் இருக்கு, பனி அங்கதான் இருக்கு, அழகு ஒரு துளி குறையல. அழகு மட்டுமே ஹோட்டலைக் காப்பாத்திடும்னு யாராவது வாதம் பண்ணினா நான் இதைத்தான் சொல்வேன்.

கார் வந்ததும் அதே ஆட்டம் ரோட்டுக்கு மாறிடுச்சு. 1925ல கலிஃபோர்னியாவுல சான் லூயிஸ் ஒபிஸ்போன்னு ஒரு ஊர்ல முதல் மோட்டல், அதாவது கார்ல வர்றவங்க தங்குற ரோட்டோர ஹோட்டல், திறந்தாங்க. அந்த ஊர் எதுக்குன்னு மேப்பைப் பார்த்தா தெரியும், லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் ஏறக்குறைய நடுவுல இருக்கு, அந்தக் காலத்துக் காருக்கும் ரோட்டுக்கும் அது ரெண்டு நாள் வண்டி. பிறகு 1956 சட்டத்துல இன்டர்ஸ்டேட் ஹைவே வந்துச்சு. பழைய ரோட்ல எங்க வேணா வண்டியை ஓரங்கட்டலாம், அதனால மோட்டல் நீளத்துக்கும் தோரணமா இருந்துச்சு. புது ரோட்ல எக்ஸிட் இருக்கிற இடத்துல மட்டும்தான் இறங்க முடியும், அதனால எக்ஸிட்டுக்கு எக்ஸிட் கொத்துக் கொத்தா ஆயிடுச்சு. ரூட் 66ங்கிற பழைய ஹைவே ஓரத்து மோட்டல்ங்க பல ஊர்ல ஒரு பைபாஸ் திறந்தவுடனே ஆள் இல்லாம போனது இதனாலதான். ஊருக்கு வெளிய வயக்காட்டுல பத்துப் புள்ளின்னு மேல சொன்னேன்ல, அதைப் பெருசாக்கிப் பார்த்தா நூத்துக்குத் தொண்ணூறு இடத்துல ஹைவே எக்ஸிட்டா இருக்கும், இல்ல ஏர்போர்ட்டா இருக்கும்.

ஏர்போர்ட் ஹோட்டல் எல்லாம் ஏன் உயரமில்லாம அகலமா படுத்துக்கிடக்குன்னு கவனிச்சிருக்கீங்களா? ஓடுபாதையைச் சுத்தி எவ்ளோ உயரம் வரைக்கும் கட்டலாம்னு சர்வதேச விதி இருக்கு, பெரிய ஏர்போர்ட்டுன்னா சுத்துவட்டாரத்துல 4 கிலோமீட்டருக்கு, விமான நிலைய மட்டத்துலேர்ந்து 45 மீட்டருக்கு மேல எழும்பக் கூடாதுன்னு ஒரு கணக்கு, ஓடுபாதையை நெருங்க நெருங்க இன்னும் கம்மி. மாடி ஏத்த முடியாது, ரூம் எண்ணிக்கை வேணும், அதனால கட்டடம் நீளுது. லிஃப்ட்லேர்ந்து இறங்கி ரூமுக்கு நடக்கிற அந்த முடிவே இல்லாத காரிடாரைத் திட்டாதவங்க யாரு.

கடைசி ரயில் விஷயம் ஜப்பான்ல. நள்ளிரவு வாக்குல ரயில் நின்னுடும், டாக்ஸி எடுத்து புறநகர் வீட்டுக்குப் போறதைவிட ஒரு பெட்டிக்குள்ள படுத்து எழுந்தா செலவு கம்மி. உலகத்துல முதல் கேப்ஸ்யூல் ஹோட்டல் 1979ல ஓசாகாவுல உமெதா ஸ்டேஷன் வட்டாரத்துல வந்ததுக்கு இதைவிட பெரிய காரணம் தேட வேண்டாம்.

இதுக்கெல்லாம் எதிர் உதாரணம் இல்லையான்னா, இருக்கு. பயணத்தோட முறிவைத் தானே உண்டாக்கினவங்க இருக்காங்க. ஹென்றி ஃப்ளாக்ளர், ஸ்டாண்டர்ட் ஆயில்ல சம்பாதிச்ச பணத்தைக் கொண்டுபோய் ஃப்ளோரிடாவுல கொட்டினவர். 1888ல செயின்ட் அகஸ்டின்ல ஒரு ஹோட்டல், 1894ல பாம் பீச்ல ஒண்ணு, 1896ல ரயிலை மயாமி வரைக்கும் இழுத்தாச்சு, 1897ல அங்க ஒண்ணு. ரயிலும் அவரோடது, ஹோட்டலும் அவரோடது, ஆளுங்க எங்க இறங்கணும்னு அவர்தான் முடிவு பண்ணினாரு. மெக்ஸிகோவுல கான்கூன்ல அதையே அரசாங்கம் செஞ்சது, 1970கள்ல கிட்டத்தட்ட ஆளே இல்லாத மணல் திட்டைத் தேர்ந்தெடுத்து ஏர்போர்ட், ரோடு, ஹோட்டல் எல்லாம் போட்டாங்க. திட்டு முழுக்க ஹோட்டல், அங்க வேலை செய்றவங்க ஊர் உள்பக்கம் தனியா. இதைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்ல, ஆனா ஹோட்டல் எங்க வைக்கிறதுங்கிறதுல பாதி கேள்வி இதுதான், விடியகாலை ஷிஃப்டுக்கு வர்ற ஆள் எங்க தூங்குவாருங்கிறது. பனிச்சறுக்கு ஊருங்கள்ல ரூம் நிரம்பி வழியும்போதும் வேலைக்கு ஆள் கிடைக்காம திண்டாடுறது, வேலையாள் குடியிருக்க வாடகை கட்டுபடியாகாததாலதான்.

மெக்கா இன்னொரு தனி ரகம். அங்க பயணம் எங்க முடியணும்ங்கிறதுல சந்தேகமே கிடையாது, எல்லாருக்கும் ஒரே புள்ளி. ஹோட்டல் விளம்பரத்துலயே ஹரமிலிருந்து, அதாவது அந்தப் பெரிய மசூதியிலேர்ந்து, இத்தனை மீட்டர்னுதான் போடுவாங்க, பொதுவா தூரம் கூடக்கூட ரேட்டு இறங்கும். 601 மீட்டர் உயர கடிகாரக் கோபுரம் மசூதியை ஒட்டி நிக்கிறதும் அந்தக் கணக்குதான், பக்கவாட்டுல இடமில்ல, மேல போ.

சரி, பயணம் முறியிற இடம் தெரிஞ்சாச்சு, அந்த இடத்துல எந்தத் தெரு? இங்கதான் நிலத்தோட விலை வருது. ஊர் நடுவுல ஒரு சதுர அடிக்குக் கடைக்காரர் குடுக்கிற வாடகையை ஹோட்டலால குடுக்க முடியாது, பேங்க் ஆபீஸோடயும் மல்லுக்கு நிக்க முடியாது, அதனால ஒரு தெரு பின்னாடி போயிடும், இல்லன்னா மேல ஏறிடும். ஷாங்காய்ல ஜின் மாவ் டவர்ல ஹோட்டல் ஆரம்பிக்கிறதே 53வது மாடியிலதான், கீழ பூரா ஆபீஸ். ஆபீஸ்காரனுக்கு காலையில லிஃப்ட்ல நிக்க நேரமில்ல, ஹோட்டலுக்கு உயரத்துல ஜன்னல் இருந்தா அதுவே காசு, ரெண்டு பேருக்கும் திருப்தி.

நியூயார்க் இதுல பெரிய பாடம். ஊர் தெற்கேயிருந்து வடக்கே வளர வளர சொகுசு ஹோட்டலும் கூடவே நடந்து போயிருக்கு. 1836ல ஆஸ்டர் ஹவுஸ் கீழ சிட்டி ஹால் பக்கம். 1859ல மேடிசன் ஸ்கொயர்ல ஃபிஃப்த் அவென்யூ ஹோட்டலைக் கட்டினப்போ இவ்ளோ வடக்கே போய் எவன் தங்குவான்னு சிரிச்சாங்க, கொஞ்ச நாள்ல ஊரே அங்க வந்துடுச்சு. 1893ல வால்டார்ஃப் 33வது தெருவுல, 1907ல பிளாசா 59வது தெருவுல. வால்டார்ஃப் இருந்த இடத்தோட மதிப்பு ஹோட்டலைவிட பெருசா ஆனதும் 1929ல மூடி இடிச்சாங்க, அங்க நிக்கிறதுதான் எம்பயர் ஸ்டேட் பில்டிங். ஹோட்டல் 1931ல பார்க் அவென்யூல புதுசா வந்துச்சு, எங்க தெரியுமா, கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போற ரயில் தண்டவாளங்களுக்கு மேல. தண்டவாளத்தைப் பூமிக்கு அடியில தள்ளி மூடினதால கிடைச்ச நிலம் அது, கட்டடத்தோட தூணெல்லாம் தண்டவாளத்துக்கு இடையில இறங்குது. எத்தனை தெரு மேல ஏறினாலும் கடைசியில ரயிலோட தலை மேலயே வந்து உக்காந்துடுச்சு.

அடுத்து போட்டி. ஒரே தெருவுல பத்து ஹோட்டல் எதுக்கு ஒட்டிக்கிட்டு நிக்குது, தள்ளிப் போனா வாடிக்கையாளர் பூரா நமக்குத்தானேன்னு தோணும். 1929ல ஹரால்ட் ஹோட்டெல்லிங்னு ஒரு பொருளாதார நிபுணர் ரெண்டு கடை ஏன் ஒண்ணை ஒண்ணு நெருங்கி வந்து நிக்குதுன்னு கணக்கு போட்டுக் காட்டினாரு. பேர் பொருத்தத்தைப் பாருங்க. ஆனா ஹோட்டலுக்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. ரூம் தேடுறவன் ஒரு ஏரியாவைத் தேர்ந்தெடுத்துட்டுத்தான் ஹோட்டலைத் தேடுறான், அதனால ஏரியாவுக்குப் பேர் வரணும்னா பல ஹோட்டல் இருந்தாகணும், ஒண்ணு நிரம்பினா பக்கத்துல தள்ளி விடலாம், கான்ஃபரன்ஸ் வந்தா எல்லாருமா பங்கு போட்டுக்கலாம். மன்ஹாட்டன்ல 1898லேர்ந்து 1990 வரைக்கும் வந்த ஹோட்டல்களை பாம், ஹேவ்மன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆராய்ஞ்சு 1997ல ஒரு கட்டுரை எழுதினாங்க. அவங்க கண்டது எனக்கு ரொம்ப பிடிச்சது. புதுசா வர்றவன் தன்னோட ரேட்டுக்கு ஒத்த ஹோட்டல் பக்கத்துலதான் இடம் பிடிக்கிறான், ஆனா சைஸ்ல வித்தியாசமா இருக்கிறவனாப் பார்த்து. 500 ரூம்காரன் பக்கத்துல அதே ரேட்டுல 60 ரூம். கூட்டத்தோட லாபமும் வேணும், நேருக்கு நேர் மோதவும் கூடாது. எவ்ளோ பழகின புத்தி பாருங்க, யாரும் சொல்லிக் குடுக்காம தொண்ணூறு வருஷமா.

சட்டம் வந்தா இதெல்லாம் தலைகீழ். லாஸ் வேகஸ்ல எல்லாரும் போற அந்த ஹோட்டல் வீதி பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகரத்துக்குள்ளயே இல்ல. 1941ல எல் ராஞ்சோ வேகஸ், கலிஃபோர்னியா போற ஹைவேல, நகர எல்லையைத் தாண்டினவுடனே கட்டினாங்க, நகரத்து வரியும் கெடுபிடியும் வேணாம், நிலமும் சல்லிசு. பின்னாடி வந்தவங்க அதே வழி. நகரம் எல்லையை விரிச்சு இவங்களை உள்ள இழுக்கப் பார்த்தப்போ, 1950ல பாரடைஸ்னு தனிப் பகுதியாவே அறிவிக்க வச்சு தப்பிச்சுட்டாங்க.

நியூயார்க்ல திரும்ப ஒரு தடவை. லாங் ஐலண்ட் சிட்டி பக்கம் மேப்பை இறக்கினா, மெக்கானிக் ஷெட், குடோன், டாக்ஸி ரிப்பேர் கடை, அதுக்கு நடுவுல பதினஞ்சு மாடி ஹோட்டல், அடுத்ததும் ஷெட், மறுபடி ஹோட்டல். கீழ ஷட்டர்ல டயர் மாத்திட்டிருப்பாங்க, மேல பால்கனியில ஒருத்தர் மன்ஹாட்டனை போட்டோ எடுத்துட்டிருப்பாரு. இது ரசனை இல்ல, மண்டலச் சட்டம். சிறுதொழில் மண்டலத்துல வீடு கட்ட அனுமதி இல்ல, ஹோட்டல் கட்ட தனி அனுமதியே வேண்டியிருக்கல, அதனால வீடு கட்டுறவங்களோட போட்டி இல்லாம நிலம் மலிவாக் கிடைச்சது, சப்வேல ஏறினா அடுத்த ஸ்டாப் மன்ஹாட்டன். 2018ல அந்த மண்டலங்களுக்கு தனி அனுமதி கட்டாயம்னு ஆக்கினாங்க, 2021ல நகரம் முழுசுக்கும். அதுக்குள்ள கட்டினது கட்டினதுதான்.

ரூம் போடுறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். ஆப்ல மையத்துலேர்ந்து 900 மீட்டர்னு போட்டா அது பல தடவை காக்கா பறக்கிற தூரம். நடுவுல தண்டவாளமோ ஆறோ ஆறு லேன் ரோடோ இருந்தா அந்த 900 மீட்டர் மூணு கிலோமீட்டர் ஆயிடும். ஸ்டேஷனுக்குப் பின்பக்க ஹோட்டல் முன்பக்கத்தைவிட மலிவா இருக்கிறதுக்கு பெரும்பாலும் இதான் காரணம், பின்பக்கம் வாசல் இருக்கா இல்லையான்னு மேப்ல நடைபாதை வழி போட்டுப் பார்த்துட்டா பணம் மிச்சம். அதே மாதிரி பேங்க் ஏரியா ஹோட்டல் சனி ஞாயிறுல பாதி ரேட்டுக்குக்கூட வரும், ஏன்னா வேலைக்கு வர்ற ஆள் அன்னிக்கு வர்றதில்ல, ரூம் சும்மா கிடக்கும். தெரு வெறிச்சோடி இருக்கும்ங்கிறது வேற விஷயம், எனக்கு அது பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்கும்னு சொல்ல மாட்டேன்.

இப்போ ஐரோப்பாவுல நடக்கிறது என்னன்னா, ஊருங்களே போதும்னு சொல்ல ஆரம்பிச்சிருக்கு. வெனிஸ் 2017ல பழைய நகரத்துக்குள்ள புது ஹோட்டலுக்குத் தடை போட்டுச்சு. உடனே வெனிஸைத் தரையோட இணைக்கிற பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்ட்ரே ரயில் ஸ்டேஷனைச் சுத்தி பெரிய பெரிய ஹோட்டலும் ஹாஸ்டலும் எழும்பிடுச்சு, பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல ரயில் தண்ணிக்கு மேல போய் வெனிஸ்ல இறக்கி விட்டுடும். ஆம்ஸ்டர்டாம் 2024ல இன்னும் ஒரு படி மேல, பழைய ஹோட்டல் ஒண்ணு மூடினாத்தான் புதுசுக்கு இடம், அதுலயும் படுக்கை எண்ணிக்கை கூடக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. வீட்டு வாடகை ஏறுது, தெருவுல நடக்க இடமில்லன்னு ஊர்க்காரங்க பட்ட எரிச்சல் நியாயம்தான், நான் அவங்க பக்கம்தான். ஆனா வர்ற கூட்டம் குறையல. ஆம்ஸ்டர்டாம்லேர்ந்து ரயில்ல பத்துப் பன்னெண்டு நிமிஷம் ஸான்டாம்னு ஒரு தொழில் ஊர், அங்க ஸ்டேஷன் வாசல்லயே பச்சை நிறத்துல பழைய மர வீடுங்களை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வச்ச மாதிரி 2010ல ஒரு ஹோட்டல் கட்டினாங்க, ஜனங்க அதைப் பார்க்கிறதுக்கே வண்டி ஏறி வர்றாங்க. தங்குறவங்க காலையில கேமராவோட ரயில் ஏறுறாங்க, பகல் பூரா ஆம்ஸ்டர்டாம், ராத்திரி திரும்ப ஸான்டாம். தங்குற வரி எந்த ஊருக்கு, குப்பை எந்த ஊருக்குங்கிற கணக்கு இனி ரெண்டு முனிசிபாலிட்டியும் உக்காந்து பேசிக்க வேண்டியது.